குவாரிக் குழி வெள்ளத்த கொளத்துல விடுறதுக்கு முன்ன டெஸ்ட் பண்ணக் கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட கலெக்டர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.
அனுப்புநர்: விளவங்கோடு தாலுகா, பழைய பாறமடைக்கு கீழ குடியிருக்க ஊர்க்காரங்க.

கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊருக்கு மேல வேலை நிறுத்திப்போட்ட ஒரு பாறமட கெடக்கு, குழி நெறைய வெள்ளம் (தண்ணி). கோடைக்கு அத மோட்டார் வச்சு எறச்சு ஊர்க் கொளத்துல விடலாம்னு பேச்சு நடக்கு. கொளம் வத்துனா வாழைக்கும் மரச்சீனிக்கும் கஷ்டம்தான், அத நாங்க மறுக்கல, ஆனா குழி ஓரத்துல கசிவு வர்ற எடத்துல ஆரஞ்சு கலர்ல சகதி படிஞ்சு கெடக்கு, அத பாத்த பொறவு சும்மா இருக்க முடியல.

ஒரு ஆபீஸ்ல போய் சொன்னோம். வெள்ளம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுல்லா கெடக்கு, பின்ன என்னன்னு கேட்டாவ. தெளிவா கெடக்குறத வச்சு நல்ல வெள்ளம்னு சொல்ல முடியாது. பாறைக்குள்ள இரும்பும் கந்தகமும் சேந்த பைரைட்னு ஒரு தாது இருந்தா, அது மண்ணுக்கடியில கெடக்க வர பெருசா ஒண்ணும் செய்யாது, வெடி வச்சு ஒடச்சு வெளிய போட்டா காத்தும் வெள்ளமும் பட்டு கந்தக ஆசிட் ஆவும், சில பாக்டீரியா அத இன்னும் வேகமாக்கும், அந்த ஆசிட் பாறையில உள்ள அலுமினியம், மாங்கனீசு எல்லாத்தையும் கரைச்சு கொண்டாந்துரும். நல்ல புளிப்புள்ள வெள்ளத்துல இரும்பு கரைஞ்சே நிக்கும், புளிப்பு கொறயுற எடத்துலதான் ஆரஞ்சு சகதியா அடியில உக்காரும். கரைஞ்ச அலுமினியம் மீனோட செவுள்ல ஒட்டி மூச்ச அடைக்கும். மேகாலயாவுல ஜெயின்டியா மலையில நிலக்கரி தோண்டுன பக்கம் ஆத்துல மீனே இல்லாம போச்சு, லூக்கா ஆறு குளிர்காலத்துல நீலமா மாறும், 2014-ல பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கத்துக்கு (எலி வளை மாதிரி சின்னப் பொந்தா தோண்டி நிலக்கரி எடுக்குறதுக்கு) தடை போட்டுது.

நம்ம ஊர் பாறை நிலக்கரி இல்ல, தெரியும். கல்லுல மின்னுறது பைரைட்டா இல்லாம மைக்காங்கற வேற தாதுவா கூட இருக்கலாம். அதும்போவ இது செம்மண் நாடு, கெணத்து வெள்ளமே பல எடத்துல லேசா புளிப்புதான், ரப்பர் பால் உறைய ஊத்துற ஆசிட்டும் ஓடையிலதான் போவுது. அதனால பிஹெச் (புளிப்ப அளக்குற எண்) மட்டும் பாத்துட்டு போனா ஒண்ணும் தெளியாது (குடிவெள்ளத்துக்கு 6.5-ல இருந்து 8.5 வர இருக்கணும்). சல்பேட், இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, ஈயம், ஆர்சனிக் எல்லாம் பாக்கணும், ரப்பர் ஷெட்டுக்கு மேல உள்ள கசிவுல ஒண்ணு, குழியில மேலயும் அடியிலயும், தள்ளி உள்ள ஒரு கெணத்துல ஒண்ணுன்னு எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். பிஹெச்ச அங்கனயே நின்னு பாக்கணும், போன தடவ பெப்சி பாட்டில்ல பிடிச்சுட்டுப் போய் எப்பவோ பாத்தாவ, இரும்பு உள்ள வெள்ளம் பாட்டில்லயே மாறிரும்.

இன்னொரு காரியம், இதுதான் முக்கியம். எறச்சு வத்தவிட்டா இத்தன நாளா வெள்ளத்துக்கடியில கெடந்த பாறைச் செவுரு காத்துல காயும், அதுல பூக்குற உப்பெல்லாம் அடுத்த மழைக்கு ஒண்ணா கழுவி எறங்கும். அதனால கோடையில ஒரு தடவ, முதல் மழைக்கு பொறவு ஒரு தடவ டெஸ்ட் வேணும், ரெண்டு ரிசல்ட்டும் வர்றது வரைக்கும் மோட்டார் எறக்கக்கூடாதுன்னு உத்தரவு போடணும்.

சுண்ணாம்பு தட்டினா சரியாவும்னு சிலரு சொல்லுதாவ. புளிப்பு கொறயும், ஆனா கசிவு நிக்காத வர தட்டிட்டே இருக்கணும், படியுற சகதிய அள்ளி எங்க போடுவாங்கன்னும் சொல்லணும்லா. சுண்ணாம்புக் கல்லா போட்டா அதுமேல இரும்புத் துரு பூசி கொஞ்ச நாள்ல வேல செய்யாம போயிரும்.

சாம்பிள் எடுக்க வர்ற அன்னைக்கு முன்கூட்டியே சொன்னா போதும், குழிக்கு எறங்குற வழிய நாங்க காட்டுவோம், கரை வழுக்கும், கயிறு எங்க கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
ஊர் மக்கள் (கையெழுத்து தாள் கூட வச்சிருக்கு)