"கண்டுக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

அன்புள்ள தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

தொடக்கநிலை 4 மாணவி ஒருத்தி, தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று வீட்டில் அழுதிருக்கிறாள். பள்ளிப் பேருந்தில் பக்கத்துப் பிள்ளை மூன்று வாரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததாம். அம்மாவிடம் சொன்னபோது, "கண்டுக்காதே, படிப்பைப் பார்" என்றிருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவும் அதையேதான் சொன்னார். நானும் பள்ளிக் குழாயடியில் எண்ணெயைத் துடைத்துவிட்டு வகுப்புக்குப் போனவள்.

ஆனால் நம் முன்னோர் எல்லாவற்றுக்கும் பேசாமல் இருந்துவிடவில்லை. 1935ல் சிங்கப்பூரில் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. சாதாரணத் தொழிலாளர்களும் தங்கள் காசைக் கொடுத்தார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மரியாதையைக் கேட்டு வாங்குவது சண்டை போடுவது ஆகாது.

ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964ல் சிங்கப்பூரில் நடந்த இனக் கலவரத்தை மறக்காமல் இருக்க 1997 முதல் பள்ளிகளில் கடைப்பிடிக்கிறோம். அன்று எல்லோரும் அழகு என்று சொல்லும் பின்னலும் பூவும் மறுநாள் கேலிப்பொருள் ஆகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இனிமேல் இப்படி நடந்தால் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். எங்கே, எப்போது, என்ன சொன்னார்கள் என்று பிள்ளை சொன்னபடியே குறித்துத் தாருங்கள். நீங்களே அந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்க வேண்டாம். அதுவும் சின்னப் பிள்ளைதான். எங்கேயோ கேட்டதைச் செய்கிறது. இந்த முறை அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, சற்றுத் தயக்கத்தோடு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கூடும் வெளிநாட்டு ஊழியர்களை நம் பிள்ளைகள் சிலர் "பங்ளா" (பங்ளாதேஷ்காரர் என்பதன் சுருக்கம்) என்று இளக்காரமாகச் சொல்வதை என் காதாலேயே கேட்டேன். நாள் முழுக்க வெயிலில் நின்று நாம் குடியிருக்கும் புளோக்குகளைக் கட்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தால், பேருந்தில் நடந்ததைத் தவறு என்று நம் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் வேண்டாம். "அண்ணன்" என்று சொல்லட்டும்.

நேரில் பேச விரும்பினால் செவ்வாய், வியாழன் மாலை 6 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். முன்பதிவு தேவையில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்