கரிசல் சாலைக்கு முதலில் வடிகால், பிறகுதான் தார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரிலிருந்து கலபுரகி, பீதர் பக்கம் போகும் நம்மூர் லாரிகள் துமகூரு, சிரா, ஹிரியூர் வழியாகச் சித்ரதுர்கா சென்று, அங்கே 50ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறும். விஜயபுரா வரை இது பழைய 13ஆம் எண் சாலை. அதற்கப்பால் ஹும்னாபாத் வரை பழைய 218. நாமக்கல் லாரிக்காரர்களுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கும் தடம் மனப்பாடம். புவிசார் குறியீடு பெற்ற கலபுரகித் துவரை தெற்கே வருவதும் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான்.

ஹொசபேட்டே வரை பெரும்பாலும் செம்மண்ணும் பாறையும். துங்கபத்திரையைத் தாண்டிக் குஷ்டகி, ஹுனகுந்த் என்று போகப் போகக் கரிசல் தொடங்கிவிடும். சோளம், துவரை, சூரியகாந்தி விளையும் பரந்த வெளி. இந்த வெளியைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிச் செல்லும் இருவழிச் சாலைகளைப் பற்றியே இக்கடிதம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இங்கே தார் பெயர்கிறது. ஒவ்வொரு கோடையிலும் மேலே இன்னொரு தார் விழுகிறது. பணம் தப்பான இடத்தில் செலவாகிறது என்பதே என் வாதம்.

கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காய்ந்த நிலையில் கல்லாக இருக்கும் இம்மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தால், அதன் தாங்குதிறன், அதாவது சி.பி.ஆர்., பல இடங்களில் 2 முதல் 4 சதவீதமே தேறும். போக்குவரத்து மிகுந்த சாலையின் அடிமண்ணுக்குக் குறைந்தது 5 வேண்டும். சாலை இங்கே எடையால் மட்டும் உடைவதில்லை. மண் ஏறி இறங்குவதால் உடைகிறது. தார் மூடியிருப்பதால் சாலையின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஓரத்து மண்தான் ஏப்ரல், மே வெயிலில் காய்ந்து சுருங்கி வெளிப்பக்கமாக இழுக்கும். தார் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு மீட்டர் அளவில், சாலையோடு நீளவாக்கில் ஓடும் வெடிப்பு இப்படித்தான் வருகிறது. அது தார்க் கலவையின் குறையன்று. சாலையை ஒட்டி வளர்ந்த மரம் ஈரத்தை உறிஞ்சினால் அந்த இடத்தில் வெடிப்பு இன்னும் அகலமாகும். சீமைக்கருவேலத்தை இந்தப் பக்கத்தில் பள்ளாரி ஜாலி என்பார்கள். வடிகாலுக்குள் அது வளர்ந்தால் வேரும் கெடுக்கும், நீரோட்டமும் அடைபடும்.

அந்த வெடிப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே 3, 4 சென்டிமீட்டர் தார் போட்டால் அடுத்த கோடையிலேயே வெடிப்பு மேலே தலைகாட்டும். அதோடு இன்னொரு கேடும் சேர்கிறது. தாரை உயர்த்துகிறவர்கள் பெர்மை, அதாவது தாரை ஒட்டிய மண் ஓரத்தை, உயர்த்துவதில்லை. 4 சென்டிமீட்டர் வீதம் மூன்று முறை போட்டால் விளிம்பில் 12 சென்டிமீட்டர் படி விழும். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும் பைக் அந்தப் படியில் இறங்கினால் திரும்ப ஏறும்போது சாயும். லாரியின் இடது டயர் படியில் உரசி உரசி விளிம்புத் தாரைக் கடித்துத் தின்றுவிடும். சில ஒப்பந்ததாரர்கள் பெர்மை உயர்த்துகிறோம் என்று பக்கத்து வயலின் கரிசலையே ஜேசிபியில் அள்ளிக் கொட்டுகிறார்கள். மண் இலவசம், ஆனால் முதல் மழையிலேயே சேறு. பெர்முக்குக் கிராவல்தான் வேண்டும். 15 சென்டிமீட்டர் கனத்தில் நீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும்.

சாய்வைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் மட்டக்கோலின் மேல் ரசமட்டம் வைத்துக் குறுக்குவாக்கில் பிடித்தால், வெளிப்பக்க முனைக்கும் தரைக்கும் இடையே தாரில் 2.5 சென்டிமீட்டரும் பெர்மில் 4 சென்டிமீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். பெர்மில் புல் அடர்ந்து மண் ஏறித் தாரைவிட உயர்ந்திருந்தால் மழைநீர் விளிம்பிலேயே நின்று உள்ளே இறங்கும். ஜூன் பிறக்குமுன் கிரேடர் விட்டு அதைச் சீவுவது, புதுத் தார் போடும் செலவோடு பார்த்தால் மிகச் சிறிய வேலை.

வெடிப்பை அடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை வெடிப்புகளுக்கு எமல்ஷன், அதாவது நீரில் கலந்த பிட்டுமன், தெளித்தால் போதும். அதைவிட அகலமானால் கம்ப்ரசர் காற்றால் தூசியும் ஈரமும் போக ஊதி, ரப்பர் கலந்த சூடான பிட்டுமனை ஊற்ற வேண்டும். விரல் நுழையும் அகலமென்றால் முதலில் கல்தூளும் எமல்ஷனும் கலந்து அடியை நிரப்ப வேண்டும். மே மாதத்தில் வெடிப்பு முழுதாக விரிந்திருக்கும். மழையில் மண் உப்பினால் அது நெருங்கி, ஊற்றியதைப் பிதுக்கித் தள்ளும். ஆகவே மேல்மட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் தாழ்வாக நிறுத்தி, டயரில் ஒட்டாமலிருக்க மேலே கல்தூள் தூவ வேண்டும். விளிம்பு வழிய ஊற்றி மேடாக விட்ட இடங்களில் லாரி டயரே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது தண்ணீர் போகும் வழி. வயலுக்கு டிராக்டர் இறங்க விவசாயிகள் வடிகாலில் மண்ணைக் கொட்டிச் சாய்தளம் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வயலுக்கு வழி வேண்டும்தானே. அந்தச் சாய்தளத்தின் அடியில் 45 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு ஹியூம் பைப்பைத் துறையே போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. சாலையின் குறுக்கே போகும் குழாய்ப் பாலங்கள் ஆள் நுழைந்து தூர்வாரும்படி 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாலையை உயர்த்த அருகிலேயே மண் வெட்டிய குழிகளில் மழைக்குப் பின் மாதக்கணக்கில் நீர் நிற்கிறது. அந்த நீர் சாலையின் கரைமேட்டுக்கு அடியில் ஊறி அடிமண்ணைத் தளர்த்துகிறது. குழி தள்ளியிருக்க வேண்டும், அல்லது நீரை வெட்டி விட வேண்டும்.

அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போடும் இடங்களில் விதிமுறை தெளிவாகவே உள்ளது. கரிசலின் மேல் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உப்பாத மண்ணை இட வேண்டும். அது கிடைக்காத ஊரில் 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்றலாம். அதன் மேல் குறைந்தது 22.5 சென்டிமீட்டர் மணலோ கிராவலோ பரப்ப வேண்டும். இந்த அடுக்கைச் சாலையின் முழு அகலத்துக்கும், கரையின் சரிவு வரை நீட்ட வேண்டும். களத்தில் நடக்கும் தவறு இங்கேதான். தார் முடியும் இடத்தோடு அடுக்கை நிறுத்தி, இரு பக்கமும் கரிசலை வைத்து அணைத்துவிடுகிறார்கள். உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் சாலையின் வயிறு தண்ணீர்த் தொட்டியாகிவிடுகிறது. மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அது மிதக்கத்தான் செய்யும்.

குழிகளுக்கு ஒட்டுப் போடுவது ஊரறிந்த வேலை. இரண்டு மட்டும் சொல்கிறேன்: குழியைச் சதுரமாக, பக்கங்கள் செங்குத்தாக வெட்டாமல் கலவையைக் கொட்டினால் விளிம்பு நிற்காது. அடியில் சேறு தெரிந்தால் சேறு முழுவதையும் எடுத்து ஜல்லி இட்டு இறுக்காமல் மேலே மூடுவது வீண்.

எடை விஷயம் நம் லாரி உரிமையாளர்களுக்கும் உரியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சாலைக்கு நேரும் சேதம் எடையின் நான்காம் மடியில் ஏறும். 8.16 டன் அச்சு ஒருமுறை ஓடினால் ஒரு பங்கு சேதம் என்று கொண்டால், 10.2 டன் 2.4 பங்கு, 11.5 டன் 3.9 பங்கு. வரம்பு மீறி 15 டன் ஏற்றினால் 11 பங்குக்கு மேல். அதுவும் அடிமண் ஊறிக் கிடக்கும் செப்டம்பர், அக்டோபரில் விழும் அடி பலமானது. கனடாவின் சஸ்காட்செவன், மானிடோபா சமவெளிகளிலும் இப்படி ஈரத்தில் உப்பிப் பெருக்கும் களிமண் உண்டு. பனி உருகி அடிமண் தளரும் வசந்தகால வாரங்களில் அங்கே பல சாலைகளில் அச்சு எடை வரம்பைக் குறைத்து அறிவிக்கிறார்கள். இங்கேயும் கரிசல் பகுதியின் மாநில, மாவட்டச் சாலைகளில் மழைக்காலத்துக்கு மட்டும் அப்படிச் செய்யலாம். மாற்று வழியையும் தேதிகளையும் முன்கூட்டியே சொன்னால் லாரிக்காரர்கள் ஒத்துழைப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஓட்டுநர்களுக்குச் சில வார்த்தைகள். மழை நாளில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் டயர்கள் கரிசல் சேற்றைத் தாரின் மேல் அப்பிவிடும். லேசான தூறல் பட்டால் அந்த இடத்தில் பிரேக் பிடிக்காது. வேகத்தை முன்னதாகவே குறைத்துவிடுங்கள். துவரை அறுவடைக் காலத்தில் சாலையின் ஓரப் பாதியில் செடியைக் காயவைத்துச் சுற்றிலும் கல் அடுக்குவார்கள். செடியை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும், இரவில் தெரியாது. கரும்பு வெட்டும் பருவத்தில் இரண்டு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களில் பின்விளக்கு எரியும் என்று நம்பி ஓட்டாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் பழுதைக் கண்டால் 1033 எண்ணுக்குச் சொல்லலாம். "ரோடு மோசம்" என்று மட்டும் சொன்னால் யாராலும் வர முடியாது. கிலோமீட்டர் கல்லின் எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், வெடிப்பா குழியா விளிம்புப் படியா, சுமார் எத்தனை அங்குலம், அருகிலுள்ள வடிகாலில் நீர் நிற்கிறதா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ஐந்தாவதை யாரும் சொல்வதில்லை. பழுதின் காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பராமரிப்புப் பொறியாளர்,
அல்சூர், பெங்களூரு