நீலகிரிக் கொத்தனார்களுக்கு: சிம்னிக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீடுகளில் வேலை பார்க்கும் கொத்தனார்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என் வீட்டைத் தெரிந்திருக்கும். குன்னூரில் சரிவில் நிற்கும் பழைய ஓட்டு வீடு. இரண்டு சிம்னி. ஒன்று பாசி பிடித்து, பார்க்க அழுக்காக, ஆனால் நேராக நிற்கும். இன்னொன்றில் செங்கல் உதிர்ந்து விழாமல் இரும்புப் பட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அரவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கட்டடம் படித்தவன் இல்லை. உங்கள் தொழிலில் மூக்கை நுழைப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கைக்காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2009 நவம்பர் மழையை இந்த மலையில் யாரும் மறந்திருக்க முடியாது. மண் சரிந்து வீடுகள் போன சமயத்தில் என் வீட்டுச் சிம்னியைப் பற்றிப் புலம்புவது அசிங்கம்தான். இருந்தாலும் நடந்தது இது: இரண்டு சிம்னியை ஒட்டியும் உள்சுவரில் தண்ணீர் இறங்கியது. தை பிறந்ததும் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மேலே ஏறிப் பார்த்தார். "சாந்தெல்லாம் மண்ணாப் போச்சு சார். சுத்தி சிமெண்ட் பூசிட்டா இருபது வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. முன்பக்கச் சிம்னியைப் பூசி முடித்தபோது கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. பின்பக்கத்தை அப்படியே விட்டோம். அதன் உச்சியில் மட்டும் நாலு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு கடப்பாக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கினார்.

ஏழாவது வருடம் முன்பக்கச் சிம்னியில் ஒரு பலகை அளவு பூச்சு பெயர்ந்து ஓட்டின்மேல் விழுந்தது. பூச்சு மட்டும் விழவில்லை. செங்கலின் முகத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே இருந்த செங்கலை விரலால் அழுத்தினேன். டீயில் முக்கிய வர்க்கி மாதிரி அமுங்கியது. காசில்லாமல் விட்ட பின்பக்கச் சிம்னியைச் சுத்தியால் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் 'டங்' என்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் அரை அங்குலம் சாந்து கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே வயது, ஒரே செங்கல், ஒரே மழை.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்ததாகவும் இருக்கலாம், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் அதிகம் நனைகிற உறுப்பு சிம்னிதான். சுவருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் மழை, அதற்கும் கூரையின் இறக்கம் குடை பிடிக்கிறது. சிம்னிக்கு நாலு பக்கமும் மழை, தலையிலும் மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழை வெளுத்து வாங்கும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. மழையில்லாத நாளில் மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். செங்கல் நனைவதைத் தடுக்கவே முடியாது. நனைந்தது காய்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து செங்கலைவிட மெத்து. ஊறிய ஈரம் சந்து வழியாக வெளியேறும், உப்பும் அதன் வழியாகவே வெளியே வந்து பூக்கும். பல பத்து வருடத்தில் சாந்து கரையும், சுரண்டிவிட்டுப் புதுச் சாந்து வைப்பார்கள். செருப்புக்கு அடித்தோல் மாற்றுவது மாதிரி.

சிமெண்ட் பூச்சு செங்கலைவிடக் கெட்டி, இறுக்கமும் அதிகம். உள்ளே கணப்பு எரியும்போது சிம்னி சூடாகி விரியும், வெளியே குளிர். அந்த இழுபறியில் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழி கிடையாது. உப்பு செங்கலின் முகத்துக்குப் பின்னாலேயே படிகமாகி, முகத்தைத் தள்ளி உரித்துவிடும். ஊட்டியில் தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஊறிய கல்லுக்குள் தண்ணீர் உறைந்தால் விரியுமே, அது கல்லைத்தானே பிளக்கும். சந்தில் மட்டும் சிமெண்டை வைத்து அடைத்து 'பாயிண்டிங்' செய்தாலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். 'வாட்டர்ப்ரூஃப்' பெயிண்ட்டும் அப்படியே. சில தங்கும் விடுதிகளில் சிம்னியைச் சிமெண்டால் மூடிவிட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளைக் கோடு போட்டுச் செங்கல் மாதிரியே வரைந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதும் செங்கல்தான் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மலையில் வீடு கட்டியவர்களுக்குச் சிமெண்ட் கிடைக்கவில்லை, அதனால்தான் சுண்ணாம்பு என்பீர்கள். உண்மைதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822இல். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824இல். நம் நாட்டில் சிமெண்ட் தயாரிப்பு நிலைபெற்றது 1914இல் போர்பந்தரில் ஆலை வந்த பிறகு. நம் மலைக்குக் கீழே மதுக்கரையில் ஆலை வந்தது 1930களில்தான். ஆகவே அதற்கு முந்திய வீட்டுச் சிம்னி என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டே ஏணியில் ஏறலாம். சந்தேகம் இருந்தால் சந்தில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியாக வந்தால் சுண்ணாம்பு.

இனி உங்களிடம் கேட்பது. உளி, சுத்தி போதும், கிரைண்டர் வேண்டாம். சந்தைச் சுரண்டும்போது கிரைண்டர் செங்கலின் விளிம்பைத் தின்றுவிடுகிறது, அந்தக் காயம் ஆறாது. சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், கிட்டத்தட்ட ஒரு அங்குலம் சுரண்டினால் போதும். பழைய சிமெண்ட் எங்காவது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தால், பெயர்த்தால் கல்லும் வரும் என்று தெரிந்தால், அங்கே அதை விட்டுவிடுங்கள். சந்தை நன்றாக நனைத்த பிறகு சாந்தை வையுங்கள். ஒரு பங்கு நீற்றிய, அதாவது தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறிய, சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். எம்-சாண்ட் என்றால் கழுவிச் சலித்து, தூசியைப் போக்கிவிட்டு. நம் ஈரத்துக்கு வெறும் சுண்ணாம்பு இறுக நாளாகும், அதனால் செங்கல் தூள் கொஞ்சம் சேருங்கள். நன்றாக வெந்த கல்லை இடித்த தூளைவிட அரைவேக்காட்டுக் கல்லின் தூள்தான் சுண்ணாம்போடு நன்றாகச் சேரும். கடுக்காயும் வெல்லமும் போட்டால்தான் சாந்து என்று சில பெரியவர்கள் சண்டைக்கே வருவார்கள். போட்டால் தப்பில்லை. ஆனால் பாயிண்டிங்குக்கு அது இல்லாமல் ஓடாது என்று நான் நினைக்கவில்லை. கடுக்காய் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிமெண்டுக்குத் திரும்பிப் போகாமல் இருந்தால் சரி.

முடிந்தபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம், பத்து நாள் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர் மழையும் படக் கூடாது. இந்த வேலைக்குக் குன்னூரில் பொங்கலுக்கு அப்புறம் மார்ச் கடைசிவரை நல்ல காலம். ஊட்டியில் உறைபனி விலகி பிப்ரவரி நடுவில் தொடங்கலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் உங்களை எப்போது கூப்பிடுகிறோம்? சீசனுக்கு ஆள் வரும் முன்னே ஏப்ரலில், கோடை மழை தலைக்குமேல் நிற்கும்போது. இது எங்கள் தப்பு.

தண்ணீர் இறங்குவது பல சமயம் சந்தினால்கூட இல்லை, சிம்னியும் கூரையும் சேருமிடத்தால். அங்கே இருந்த ஈயத் தகடு எப்போதோ கிழிந்திருக்கும் அல்லது திருடு போயிருக்கும். அந்த இடத்தில் சிமெண்டை முக்கோணமாக அப்பிவிடுகிறோம். கூரை மரத்தோடு சேர்ந்து அசைகிறது, சிம்னி அசையாது. ஒரே வருடத்தில் நடுவில் விரிசல் வந்துவிடும். தகட்டை, அது ஈயமோ தகரமோ, சிம்னியின் சந்துக்குள் சொருகி மடித்துப் படிப்படியாக இறக்குங்கள். மேட்டுப் பக்கம் தண்ணீர் சிம்னியில் மோதித் தேங்காமல் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும்படி ஒரு சின்ன முதுகு கட்டிவிடுங்கள். கற்பூர மர இலை வந்து அடைப்பது அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை அள்ளிப் போடச் சொல்லி வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுப் போங்கள். உச்சியில் வைக்கும் கல்லுக்கு வாட்டம் வேண்டும். சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டி, அடியில் ஒரு கோடு வெட்டினால் தண்ணீர் சுவரோடு வழியாமல் சொட்டி விழும்.

உச்சி வரிசைகளைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் பழைய கல்லையே திரும்பப் போடலாம். ஆனால் கரி ஏறிய முகத்தை அறைப் பக்கமோ பூச்சுப் பக்கமோ திருப்பிவிடாதீர்கள். சீகை (வாட்டில்) மரத்தைப் பச்சையாக எரித்துச் சேர்ந்த தார் அது. எத்தனை கோட்டு சுண்ணாம்பு அடித்தாலும் பழுப்பாக ஊறி வெளியே வரும். என் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு பழுப்புத் திட்டு இருக்கிறது. பேத்தி அதை யானை என்கிறாள்.

எரிக்காத சிம்னிகள்தான் இப்போது அதிகம். மேலே சிமெண்ட் மூடி, கீழே கணப்பு வாய்க்குச் செங்கல் அடைப்பு. நடுவில் இருக்கும் காற்று அப்படியே புழுங்கிச் சுவர் பூசணம் பிடிக்கிறது. மேலே மூடியைத் தூக்கி வையுங்கள், கீழே ஒரு செங்கல் அளவு ஓட்டை விடுங்கள், காற்று தானாக ஏறிப் போய்விடும். மேலே உறுதியான கம்பி வலை போடுங்கள். மைனாவைவிடக் குரங்குக்காக. எங்கள் தெருவில் சிம்னிக்கு வைத்த தகரத் தொப்பியெல்லாம் குரங்குகள் ஆட்டிப் பார்த்துக் கழற்றியவைதான். இன்னொன்று, அடைத்த சிம்னியென்று அறையில் வெளியே தெரியும்படி எழுதி வையுங்கள். யாராவது தெரியாமல் நெருப்பு மூட்டினால் புகை அறைக்குள் திரும்பும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கிச் செத்துப்போன சுற்றுலாப் பயணிகளின் செய்தியை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். 'சுண்ணாம்பு எங்கே சார் கிடைக்குது? நீத்துறதுக்கு ஒரு மாசம் யாரு காத்திருப்பா? ஒரு நாளில் முடிகிற வேலையை எட்டு நாள் இழுத்தா வீட்டுக்காரர் கூலி தருவாரா?' மூன்றும் நியாயமான கேள்விகள். கடைசியில் கேட்டதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குறைவாகச் சொல்பவருக்கே வேலை கொடுத்துப் பழகியது நாங்கள். 2010இல் என்னிடம் யாராவது சுண்ணாம்பு, பத்து நாள், இரண்டு மடங்கு கூலி என்று சொல்லியிருந்தால் நானே அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்.

முதல் இரண்டுக்கும் ஒரு வழி தோன்றுகிறது. ஆளுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு தேடிக் கீழே ஓடுவதற்குப் பதில், ஊருக்கு ஒரு நீற்றுக் குழி பொதுவாக இருக்கட்டும். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் கிடந்தால் கெடாது, நாளாக நாளாகக் களி மாதிரி நயமாகும். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி குழி வெட்டிக் கல் கட்டி வைத்துவிட்டேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லும் வந்து காய்ந்த இடத்தில் இருக்கிறது. நீற்றும்போது கொதிக்கும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் குழிப்பக்கம் வர வேண்டாம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், சூட்டில் உருகிவிடும்.

மார்கழி தொடக்கத்தில் நீற்றுகிறோம். பிப்ரவரியில் முன்பக்கச் சிம்னியைக் கூரை மட்டத்துக்குப் பிரித்துக் கட்டப்போகிறேன். கூலி உங்கள் சங்கத்தில் பேசி நாள் கணக்கில் சொல்லுங்கள், மொத்த ஒப்பந்தமாக வேண்டாம். வேலைக்கு வராவிட்டாலும் பார்க்க வரலாம். சிமெண்ட்தான் சரி என்று நிரூபிக்க வருகிறவர்களும் வரலாம், பெயர்ந்து விழுந்த துண்டுகளைக் கொட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன். டீயும் வர்க்கியும் என் செலவு. சாரம் நான் கட்டித் தருகிறேன், இடுப்புக் கயிறும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கயிற்றைச் சிம்னியில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
குன்னூரில் இரண்டு சிம்னி வீட்டுக்காரன்