இரவில் விழித்திருப்போரின் தோலும் கணக்கில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியது முதல் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெயிலிலிருந்து தோலைக் காப்பது பற்றி வரும் குறிப்புகளைத் தவறாமல் படித்து வருகிறேன். உச்சி வெயிலில் வெளியே போக வேண்டாம், முழுக்கைச் சட்டை அணியுங்கள் என்பதெல்லாம் சரியே. ஆனால் வெயில் எவ்வளவு என்று மட்டுமே பேசுகிறோம். அந்த வெயில் படும்போது, உறக்கத்தையும் விழிப்பையும் நேரம் பார்த்து நடத்தும் உடம்பின் கடிகாரத்தில் என்ன நேரம் என்பதை யாரும் கேட்பதில்லை. பாதி ஊர் விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்கிவிடும் குமரி மாவட்டத்தில் அதைக் கேட்டாக வேண்டும்.

என் மைத்துனர் திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், அதிகாலை 3 மணிக்கே நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து உறைய ஊற்றி, முந்தின நாள் ரப்பர் ஷீட்டுகளை முற்றத்துக் கொடியில் விரித்துவிட்டுப் பழஞ்சி குடித்துப் படுக்கும்போது நண்பகல் தாண்டியிருக்கும். முன்கையில் அவருக்கு நெடுநாளாக ஒரு சொறி. பகலில் அது இருப்பதே தெரியாது, இரவில்தான் அரிப்பு பிடுங்கும். இதில் விந்தை ஒன்றுமில்லை: இரவில் தோலின் வழியே நீர் அதிகமாக வெளியேறுகிறது, தோலின் வெப்பம் கூடுகிறது, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அவர் போன மருத்துவ முகாம் ஒன்றில் என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டார்களே தவிர, எப்போது தூங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை.

மூளையில் இருக்கும் தலைமைக் கடிகாரத்தோடு, தோலின் செல்களுக்குள்ளும் தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. இக்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தோலுக்கு நேரடியாகத் தொடர்புள்ள சோதனையைச் செய்தவர், பின்னாளில் 2015இல் வேதியியல் நோபல் பெற்ற அஜீஸ் சஞ்சார். அவரது குழு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதிகாலை 4 மணிக்குப் புறஊதாக் கதிர் பட்ட எலிகளுக்கு, மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு தோல் கட்டிகள் வந்தன. சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் எக்ஸ்பிஏ என்ற புரதம் அதிகாலையில் குறைந்தும் மாலையில் மிகுந்தும் இருந்ததே காரணம். எலி இரவில் நடமாடும் பிராணி என்பதால் மனிதரிடம் இது தலைகீழாக, அதாவது காலை வெயில் குறைந்த தீங்கு செய்வதாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ஊகம் என்ற சொல்லை அழுத்தியே எழுதுகிறேன்; காலை வெயிலில் எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

2017இல் வந்த மற்றோர் எலி ஆய்வு, சாப்பிடும் நேரத்தை மாற்றினால் தோலின் கடிகாரமும் இடம் மாறுவதையும், புறஊதாக் கதிரைத் தாங்கும் நேரம் புரண்டுவிடுவதையும் காட்டியது. நள்ளிரவில் பரோட்டாவும் கட்டஞ்சாயாவுமாக ஓட்டும் நம் லாரி ஓட்டுநர்களையும் இரவுப்பணிச் செவிலியரையும் நினைக்காமல் அதைப் படிக்க முடியவில்லை.

புற்றுநோய் என்று வரும்போது நிதானம் தேவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவுப்பணியை 'மனிதரில் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. ஆனால் அங்கே பேசப்பட்டவை மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல் ஆகியவை. தோல் புற்றோ, அமெரிக்கச் செவிலியரிடம் நடந்த ஆய்வொன்றில், பத்தாண்டுக்கு மேல் சுழற்சி முறையில் இரவுப்பணி செய்தவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. பகலில் தூங்கி வெயில் படாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நம் பால்வெட்டுக்காரரின் நிலை அப்படியல்ல. விழிப்பும் அவருக்குத்தான், காலை வெயிலும் அவருக்குத்தான்.

நம் கருந்தோலுக்கு இயற்கைக் காப்பு உண்டு என்பது உண்மைதான். ஆயினும் நம் போன்றோருக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்று பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் நிற்கும் புண்ணும் புற்றாக மாறுவதுண்டு. இவற்றையும் தங்கள் பக்கத்தில் எழுத வேண்டுகிறேன்.

மருத்துவ முகாம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். காலை 10 மணி என்பது பால்வெட்டுக்காரர் வாளியும் கையுமாக நிற்கும் நேரம்; இரவுக் கடலுக்குப் போய்த் திரும்பிய குளச்சல், முட்டம் மீனவர்கள் கண்ணயரும் நேரம். முகாமை மாலை 4 மணிக்கு, ஷீட் விற்க எல்லோரும் வந்துசேரும் கடைவீதியிலும் மீன் இறங்குதளத்திலும் வைத்தால், நான் என் மைத்துனரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.