டிஃப் லாக் 'உண்டு'ன்னு போட்டா மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்க மோட்டார் பக்கத்துல பிக்அப், ஜீப் வண்டிகளை ஒப்பிட்டு போடுற அட்டவணையில டிஃபரன்சியல் லாக்னு (ஒரே ஆக்சில்ல இருக்கற ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்தாம சேர்த்து பூட்டுறது) ஒரு கட்டம் இருக்கு, அதுல 'உண்டு', 'இல்லை' இந்த ரெண்டுதான் வருது. எந்த மாதிரி லாக்குன்னு சொல்லாம உண்டுன்னு மட்டும் போட்டா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல சார். கொல்லிமலையில குச்சிக்கிழங்கு, அன்னாசி, பலான்னு லோடு அடிக்கிற வண்டி பெரும்பாலும் ஓடுறது தார் ரோட்டுலதான், காட்டுக்குள்ள இறங்குற கொஞ்ச தூரம்தான் சேறு, அங்கதான் ஒரு பேக் வீல் சும்மா சுத்தும், இன்னொண்ணு அசையாம நிக்கும். அந்த கொஞ்ச தூரத்துக்காக வாங்குற லாக்கு மீதி தூரத்துல வண்டிய என்ன பாடு படுத்தும்னு யாரும் சொல்றதில்ல.

காரவள்ளியில இருந்து மேல ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. பின்னாடி ரெண்டு வீலுக்கும் நடுவுல 1.4 மீட்டர்னு வெச்சுக்கங்க, வண்டி அரைவட்டம் அடிச்சு திரும்பினா வெளி வீல் உள் வீலை விட 4.4 மீட்டர் கூட உருளணும், 70 வளைவும் அப்படித்தான்னு கணக்கு போட்டா 300 மீட்டருக்கு மேல வருது. இந்த வித்தியாசத்த சமாளிக்கத்தான் டிஃபரன்சியலே இருக்கு. லாக் விழுந்த ஆக்சில்ல அது முழுக்க டயர் தேஞ்சுதான் கழியணும், ஆக்சில் ஷாப்டும் முறுக்கு வாங்கும், ஸ்டியரிங்க ஒடிச்சாலும் முன்பக்கம் நேரா போகத்தான் பாக்கும். மழை பெஞ்ச தார்ல காலி வண்டியா வரும்போது இன்னும் மோசம், சாதா டிஃபரன்சியல்ல ஒரு வீல் வழுக்கினா இன்னொண்ணு பிடிச்சுக்கும், லாக் ஆயிருந்தா ரெண்டும் சேர்ந்து வழுக்கி வண்டி பின்பக்கம் சைடு வாங்கிடும்.

அதனால தார்ல ஓடுற வண்டிக்கு லாக் இருக்கறத விட அது எப்ப விடும்ங்கறதுதான் முக்கியம். டெட்ராய்ட் லாக்கர் மாதிரி எப்பவும் பிடிச்சுகிட்டே இருந்து வளைவுல மட்டும் கடகடன்னு விடுற ஆட்டோமேட்டிக் சாமான் காட்டுக்கு நல்லது, ஆனா வளைவு நடுவுல ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா டமார்னு ஒரு இடி வரும், மலை ரோட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். டார்சன் மாதிரி கியர்லயே வேலை செய்யுற டிஃபரன்சியல் தார்ல சத்தமில்லாம அருமையா ஓடும், ஆனா ஒரு வீல் அந்தரத்துல தொங்கிச்சுன்னா அதுவும் கைய விரிச்சுடும் (அந்த நேரம் ஹேண்ட் பிரேக்க லேசா இழுத்துப் பிடிச்சா கொஞ்சம் இழுவை கிடைக்கும், சாதா டிஃபரன்சியலுக்கும் இது ஓரளவு உதவும், பழைய டிரைவருங்களுக்கு தெரியும்). பிளேட் வெச்ச எல்எஸ்டி-க்கு (ஒரு வீல் மட்டும் ஓவரா சுத்தாம பிளேட் உரசி கட்டுப்படுத்துற டிஃபரன்சியல்) தனி ஆயில் வேணும், பிளேட்டும் தேயும். மஹிந்திராவோட 'தார்' ஜீப்புல வந்தது, பொலேரோ நியோவோட டாப் மாடல்ல வந்தது ஈட்டன் கம்பெனியோட மெக்கானிக்கல் லாக், ரெண்டு வீலுக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா தானா பிடிக்கும், 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல பிடிக்காது, ஸ்விட்ச் எதுவும் கிடையாது. ஆனா வீல் சுத்தினப்புறம்தான் பிடிக்கும்ங்கறதால களிமண்ணுல கொஞ்சம் தோண்டிட்டுத்தான் வெளிய வரும். டொயோட்டா ஹைலக்ஸ்ல பட்டன், ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னாடியும் பின்னாடியும் டிரைவரே போட்டு எடுக்கலாம். மாருதி ஜிம்னில லாக்கே கிடையாது, சுத்துற வீலுக்கு பிரேக் போட்டு அடுத்த வீலுக்கு இழுவை குடுக்குது. இதெல்லாம் அட்டவணையில ஒரே கட்டத்துல அடங்குமா சொல்லுங்க.

என்ன கேட்டா பட்டன்ல போட்டு எடுக்கறதுதான் லோடு வண்டிக்கு சரி. சேத்துக்கு முன்னாடியே போட்டுக்கலாம், தார் ஏறினதும் எடுத்துடலாம். எடுக்க மறக்கற டிரைவர் கையில வண்டி இருந்தா மட்டும் தானா வேலை செய்யுறது பரவாயில்ல. மொட்டை டயர போட்டுகிட்டு லாக்குக்கு காசு செலவு பண்றவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல, வெளியில வாங்கி மாட்டறதா இருந்தா கம்பெனி வாரண்டி என்னாகும்னு மட்டும் முதல்ல கேட்டுக்கங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்காக இதையும் போடுங்க சார். செலவ மிச்சம் பிடிக்க சிலர் ஹவுசிங்க (டிஃபரன்சியல் இருக்கற கூடு) பிரிச்சு உள்ள ரெண்டு வீலையும் தனித்தனியா சுத்த விடுற ஸ்டார் பினியன் பல்சக்கரத்த வெல்டு வெச்சுடறாங்க, வெளிய பாத்தா தெரியாது. முன் வீலுக்கு கட்டை குடுத்து, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு, பின்னாடி ரெண்டு வீலையும் ஜாக்கி போட்டு தூக்கி ஸ்டாண்டு வெச்சு ஒரு வீல கையால சுத்தி பாருங்க, சாதா டிஃபரன்சியல்னா அடுத்த வீல் எதிர் பக்கம் சுத்தும். ரெண்டும் ஒரே பக்கம் கெட்டியா சுத்திச்சுன்னா ஹவுசிங்க பிரிச்சு காட்டச் சொல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு பிக்அப் ஓனர்,
சோளக்காடு, கொல்லிமலை.