மிச்சம் பிடிக்கும் இடம் பிரேக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்கள் பழுதுக்கு வரும்போதெல்லாம் பெற்றோர் கேட்பது, "இதைவிடக் குறைஞ்ச விலையில சாமான் இருக்கா?" என்பதுதான். சைக்கிள் கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: பெல், கேரியர், சீட் கவர் எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். பிரேக் கட்டையில் வேண்டாம். மட்டமான கட்டை சில மாதங்களில் கல்லாக இறுகிவிடும். இரும்பு ரிம் மழையில் நனைந்தாலே பிடிமானம் வெகுவாகக் குறையும். அதில் இந்தக் கட்டையும் சேர்ந்தால் சைக்கிள் எங்கே நிற்கும்?

காட்டர் பின் இன்னும் மோசம். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டை நடு அச்சோடு இறுக்கும் விரலளவு ஆப்பு அது. மெல்லிரும்பில் செய்தது சீக்கிரம் நசுங்கி ஆட்டம் கொடுக்கும். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டென்று நழுவும். போன மாதம் ஒரு மாணவி அப்படித்தான் விழுந்து, முன்பல் உடைந்தது. அந்தப் பின்னைப் போட்டது நானில்லை. ஆனால் அதே சரக்கு என் கடையிலும் இருந்தது. அன்றே தூக்கிப் போட்டேன்.

தயாரிப்பாளர் பெயரே இல்லாத பொட்டலங்களில்தான் இவை வருகின்றன. பிரேக் கட்டை, காட்டர் பின், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஆகியவற்றையாவது பெயரும் தர முத்திரையும் இல்லாமல் விற்க அரசு தடை விதிக்க வேண்டும்.

– சைக்கிள் கடைக்காரர், மன்னார்குடி