மூங்கிலை வாட்டி வளைத்தால் வில் ஆகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் சிறுவர் பக்கத்தில் வீட்டிலேயே வில் செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. மூங்கில் குச்சியை நெருப்பில் வாட்டி வளைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் வில் தயார் என்று நாலே வரியில் முடித்துவிட்டார்கள். என் பேரன் அதைக் கத்தரித்துப் பட்டறைக்கு எடுத்து வந்து, "அப்புறம் நீங்க எதுக்கு தாத்தா அஞ்சு மாசம் எடுத்தீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி உங்களுக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் மரவேலைக்காரன். கதவு, ஜன்னல், கட்டில் என்று முப்பது வருஷத்துக்கு மேல் இழைத்திருக்கிறேன். வில் பைத்தியம் பிடித்தது கொல்லிமலையில். ஆடிப்பெருக்கையொட்டி அங்கே வல்வில் ஓரி விழா நடக்கும், முடிந்த வருஷமெல்லாம் போய்விடுவேன். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த கதையைச் சொல்வார்கள், வன்பரணர் பாடினதாயிற்றே, கைதட்டல் பறக்கும். எனக்கு மட்டும் மண்டைக்குள் ஒன்று குடையும்: அது என்ன மரம்? யார் செய்தது? அம்பு விட்டவன் பேர் ரெண்டாயிரம் வருஷமாக நிற்கிறது, வில் இழைத்துக் கொடுத்தவன் பேரைக் காணோம். தச்சன் புத்தி அப்படித்தான் போகும்.

சரி, அந்த நாலு வரிக்கு வருகிறேன். மூங்கிலை வாட்டுவதில் தப்பில்லை, கோணல் எடுக்க நாங்களும் வாட்டுவோம். ஆனால் வில்லை வளைத்து வைத்துச் செய்வதில்லை. நேராகத்தான் செய்கிறோம், முடிந்தால் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்தே செய்கிறோம். நாண் ஏற்றும்போதுதான் அது நம் பக்கம் வர வேண்டும், அதுவும் மனசில்லாமல் வர வேண்டும். விட்டால் பழையபடி நிமிர்ந்துவிடுவேன் என்று அது முறுக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்த முறுக்குதான் அம்பைத் தள்ளுகிறது. முன்கூட்டியே வாட்டி வளைத்துவிட்ட மூங்கிலில் முறுக்கு ஏது? கயிறு கட்டினால் பார்க்க வில் மாதிரி இருக்கும், கொலு பொம்மை கையில் கொடுக்கலாம்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் இழுபடும், நம்மைப் பார்த்த பக்கம் நசுங்கும். முதலாவதை முதுகு என்றும் இரண்டாவதை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு வேலையையும் ஒரே கட்டை தாங்குவது அபூர்வம். இங்கிலாந்துக்காரர்கள் நெடுவில்லுக்கு யூ மரத்தைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான், அதன் வெளிப்பக்கத்து வெளுத்த மரம் இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் நசுக்கலைத் தாங்கும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில் 137 வில்கள் முழுசாகக் கிடைத்தன. எல்லாம் ஆறடிக்கு மேல், எல்லாம் யூ. அவற்றை முழுசாக இழுக்க நூறு பவுண்டுக்கு மேல் பலம் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். யூ உள்ளூரில் போதாமல் 1472-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள், கப்பலில் சரக்கு இறக்கும் வணிகர்கள் ஒரு டன்னுக்கு நாலு வில்கட்டை வீதம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று.

யூ இல்லாதவன் என்ன செய்வான்? முதுகுக்கு ஒரு மரம், வயிற்றுக்கு ஒரு மரம் என்று பட்டை பட்டையாக இழைத்து ஒட்டுவான். வில் போர்க்களத்தை விட்டு விளையாட்டு மைதானத்துக்கு வந்த பிறகு இங்கிலாந்திலேயே ஹிக்கரி முதுகு, லெமன்வுட் வயிறு என்று ஒட்டத்தான் செய்தார்கள். ஜப்பான்காரர்கள் நடுவில் மரமும் இரண்டு பக்கமும் மூங்கிலுமாக ஒட்டி ஏழடிக்கு மேல் வில் செய்கிறார்கள், அதில் பிடி நடுவில் இருக்காது, கீழே மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். முதல் தடவை படத்தில் பார்த்தபோது அளவு தப்பிப்போய்ச் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

என்னுடையது ஆறடி, மூன்று அடுக்கு. முதுகுக்கு மூங்கில், நடுவில் தேக்கு, வயிற்றுக்குப் பனை. மூங்கிலுக்குப் பலம் தோலுக்கு அடியில்தான், நார் அங்கேதான் நெருக்கமாக ஓடும், உள்ளே போகப் போகச் சோறு. கல்மூங்கில்தான் உறுதி என்று முதலில் அதை வாங்கினேன். அதற்குச் சுற்றளவு குறைச்சல், பட்டை எடுத்தால் ஓடு மாதிரி வளைந்து நிற்கிறது. அப்புறம் தடித்த முள்மூங்கிலுக்கு மாறினேன், தேய்பிறையில் வெட்டியதுதானா என்று கேட்டு வாங்கினேன், அப்பா பழக்கிவிட்ட பழக்கம். பனைக்கு அலையவே இல்லை. பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்தார்கள், அங்கிருந்த பனங்கைகளில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறுபது வருஷம் கூரையைத் தாங்கி, கறுப்பு நார் ஓடி, இரும்பு மாதிரி இருந்தது. அதை இழைக்கிற பாடு சொல்லி மாளாது. பத்து தள்ளு தள்ளினால் இழைப்புளி மழுங்கிவிடும், கையெல்லாம் சிலாம்பு ஏறும்.

இப்போது என் முட்டாள்தனங்கள். முதல் வில்லில் மூங்கில் கணு துருத்திக்கொண்டிருந்தது கண்ணுக்கு உறுத்தியது. கட்டில் கால் இழைத்த கை சும்மா இருக்குமா, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். இருபத்து நாலு அங்குலம் இழுத்தபோது டிக் என்று ஒரு சத்தம், என்னவென்று யோசிப்பதற்குள் அந்தக் கணுவிலேயே பிளந்து மேல்பாதி என் தலைக்கு மேலே போய்ச் சுவரில் அடித்தது. முதுகில் ஓடும் நார் முனைக்கு முனை அறுபடாமல் இருக்க வேண்டும், கணு அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது வில் நன்றாகத்தான் வந்தது, சிக்கனம் பார்த்துக் கையில் இருந்த வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் நாண் ஏற்றியபடியே வண்டிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து, புத்தகத்தை வளைத்தால் தாள்கள் விலகி நிற்குமே, அப்படி நின்றது.

மூன்றாவதற்கு இரண்டு டப்பா கலந்து பூசும் எபாக்சி. ஒட்டுகிற முகங்களை ஹாக்சா பிளேடால் கீறி, தூசி துடைத்து, பசை பூசி, முனை இரண்டும் எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு கட்டையில் வைத்துக் கட்டினேன். இருபது கிளாம்புக்கு எங்கே போவது? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, கீழிருந்து மேல் வரை இழுத்து இழுத்துச் சுற்றினேன். கிளாம்பைவிட இது மேல், ஓர் இடம் விடாமல் ஒரே சீராக அழுத்துகிறது. பஞ்சர் கடைக்காரர் எதற்கு இவ்வளவு டியூப் என்று கேட்டார், வில்லுக்கு என்றேன், அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒட்டியது ஒரு நாள் வேலை. மீதி மாசமெல்லாம் சுரண்டல்தான். சுவரில் ஒரு பலகை அடித்து, பிடியை அதில் உட்கார வைத்து, நாணில் கயிறு மாட்டிக் கீழே ஒரு கப்பி வழியாக எட்டு அடி தள்ளி நின்று இழுப்பேன். வில் வளைகிறதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் கண்ணுக்குப் பழக மாசக்கணக்கு ஆகிறது. இரண்டு பாதியும் ஒரே மாதிரி பிறை போல வர வேண்டும். எங்கே நேராக நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு, அங்கே மட்டும் வயிற்றுப் பக்கத்தில் உடைந்த கண்ணாடித் துண்டால் நாலு சுரண்டு. எங்கே கீல் மாதிரி மடங்குகிறதோ அந்தப் பக்கம் கையே வைக்கக்கூடாது. சுரண்டிவிட்டு உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது, முப்பது தடவை பாதி வரைக்கும் இழுத்து விட்ட பிறகுதான் மரம் உண்மையைச் சொல்லும்.

இங்கே அவசரப்பட்டவன் கெட்டான். பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் போனால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று எல்லோரும் நினைப்போம். கிடையாது. கனத்தை மூன்று தடவை பெருக்கிப் பார்க்க வேண்டும், ஆயிரம் இருந்த இடத்தில் 729 தான் மிஞ்சும், கால் பங்குக்கு மேல் காலி. அதனால்தான் கடைசி வாரங்களில் இழைப்புளியைத் தூக்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி தூள் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "காலையில பார்த்த மாதிரியேதான் இருக்கு" என்பாள். அவளுக்குத் தெரியவில்லை, தராசுக்குத் தெரிந்தது. பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசைக் கயிற்றில் மாட்டி வைத்திருந்தேன், காலையில் 41 பவுண்டு காட்டியது சாயங்காலம் 39 காட்டும். கடைசியில் 28 அங்குல இழுவையில் 35 பவுண்டு, நம் கணக்கில் 16 கிலோவில் நிறுத்தினேன். மேரி ரோஸ் ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள், என் தோளுக்கு இது போதும்.

நாணுக்கு பாலியஸ்டர் நூலை முறுக்கிக்கொண்டேன். எருக்கு நாரிலும் ஒன்று திரித்திருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் வில் எதெதில் செய்வது என்று சொல்லும்போது முதலில் வருவது பனை, அப்புறம் மூங்கில், மரம், கொம்பு. நாண் பட்டியலில் எருக்கும் இருக்கிறது. இடித்த வீட்டில் பனங்கை பொறுக்கிய அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது, பிறகு ஒரு ஆசிரியர் நண்பர் சொன்னபோது புல்லரித்துவிட்டது. எருக்கு நாணை இன்னும் வில்லில் ஏற்றவில்லை, அது அறுந்தால் வில்லுக்கும் ஆபத்து.

இவ்வளவும் என் பெருமைக்கு எழுதவில்லை. ஒலிம்பிக்கில் விடுகிற மாதிரியான வில் ஒரு செட் வாங்க லட்சத்தைத் தாண்டுகிறது, ஆனால் நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்று மூங்கில் வில்லுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எனக்கு மூன்றாவது வில்லுக்குச் சாமான் செலவு 1,200 ரூபாய், அதில் பாதிக்கு மேல் பசைக்கு. கட்டில் இழைக்கிற எந்த ஆசாரிக்கும் இது எட்டாத வேலை இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. ஐடிஐ மரவேலைப் பிரிவில் ஒரு பருவம் இதை வைத்தால் பையன்கள் கண் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், ஸ்டூல் செய்யச் சொன்னால் ஓடிப்போகிற பையன்கள்.

சிறுவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம், மூன்று வரி போதும். ஒன்று, மூங்கில் கணுவைச் சீவாதே. இரண்டு, அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடாதே, அம்போடு போக வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைக்கும். மூன்று, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இழுக்காதே, உடைகிற துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. என் சுவரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, பேரனைக் கூட்டிப்போய் அதைத்தான் முதலில் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தான், பாதி விரல் போனது.

இப்படிக்கு,
மரப்பட்டறைக்காரன்,
ராசிபுரம்.